மூன்றில் ஒரு பங்கு சம்பளம்

ஜாலான் ராஜா சூலான், பதினாறாவது மாடி.
முதல் சந்திப்பு இலவசம்,
இரண்டாவதுக்கு முந்நூற்றைம்பது ரிங்கிட்.
இது இரண்டாவது.

மேடம் ஓங் அட்டைகளைப் பரப்பினார்,
சீட்டாட உட்கார்ந்தவர் போல.
"பிடித்தவை இடப்பக்கம்,
பிடிக்காதவை வலப்பக்கம்."
வாதிடுவது. எழுதுவது. பேரம் பேசுவது.
பிறர் சொல்வதைக் கேட்பது.
கடைசி அட்டையை எந்தப் பக்கம் வைப்பதென்று தெரியாமல்
மடியில் வைத்துக்கொண்டேன்.

பதினேழு வருடம்.
கறுப்புக் கோட்டைத் தைத்த மஸ்ஜிட் இந்தியா தையற்காரர்
இரண்டு முறை இடுப்பைப் பிரித்து அகலமாக்கிவிட்டார்.

இங்கே வரும் வக்கீல்கள்
முதலில் ஒரே மாதிரிதான் பேசுவார்களாம்.
தூக்கமில்லை. பிள்ளைகள் முகம் பார்க்க நேரமில்லை.
அப்புறம் கேக் கடை என்பார்களாம்.
ஒருவர் ரவூப்பில் டுரியான் தோட்டம் வாங்கி,
காய்க்காத மரத்தின் மேல்
வழக்குப் போட வழியுண்டா என்று கேட்டாராம்.
சிரித்தேன்.
நானும் தூக்கமில்லை என்றுதான் ஆரம்பித்திருந்தேன்.

"உங்களுக்கும் கேக்கா?"
"இல்லை. நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்."
பேனாவைக் கீழே வைத்தார்.
"மூன்றில் ஒரு பங்குகூடச் சம்பளம் வராது.
நேற்றுவரை உங்களுக்குக் கதவு திறந்தவர்கள்..."
"தெரியும்."
"ஏன்?"

பதில் தெரியாத 'ஏன்'-ஐ
சாட்சியிடம் கேட்காதே என்பது
தொழிலில் முதல் வாரம் கற்றது.
இந்த அம்மாள் கற்கவில்லை போலிருக்கிறது.

சொன்னேன்.
பாப்பாத்தி, துப்புரவுப் பணியாளர், ஐம்பத்தெட்டு வயது.
தொழில் நீதிமன்றம். நான் கம்பெனி பக்கம்.
இரவு வேலையில் கூட இருந்தவள்
லிஃப்ட் வாசலில் சுருண்டு விழ,
ஆம்புலன்ஸில் தானும் ஏறிப் போனவள்.
வேலையைப் போட்டுவிட்டு ஓடினாள் என்றது எங்கள் கடிதம்.
ஏன் திரும்பி வரவில்லை?
"விட்டுட்டு வர மனசு கேக்கலங்க."

மொழிபெயர்ப்பாளருக்குக் காலையிலிருந்து அது மூன்றாவது அறை.
"தீடாக் புவாஸ் ஹாத்தி" என்றார்.
திருப்தி இல்லையாம்.
ஹாத்தியும் மனசுதான்.
ஆனால் அவள் தட்டியது வேறு கதவு.
தலைவர் எழுதினார்:
வேலையில் திருப்தியின்றி வெளியேறினார்.

அவள் வக்கீல் ஹஸ்லான், இளம்பையன், தமிழ் தெரியாது.
அந்த அறையில் தமிழ் தெரிந்தவர்கள் மூன்று பேர்.
ஒருத்தி கூண்டில்.
ஒருவர் களைத்திருந்தார்.
இன்னொருத்தி நான்.
எழுந்திருக்க நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினேன்கூட.
அப்புறம் தண்ணீர் குடித்தேன்.

வழக்கில் ஜெயித்தோம்.
கம்பெனி பழக்கூடை அனுப்பியது.
ஒவ்வொரு பேரிக்காய்க்கும்
தனித்தனியாக வெள்ளை வலை உறை.

நாலு மணி மழை கண்ணாடியில் இறங்கியது.
கீழே மோனோரயில் விளக்கைப் போட்டுக்கொண்டு போனது.
"இது பிராயச்சித்தமா, தொழிலா?" என்றார் மேடம் ஓங்.
"பிராயச்சித்தத்துக்குப் பென்ஷன் கிடையாது."
எதிர்த்தரப்பு கேட்டிருந்தால் ஆட்சேபித்திருப்பேன்.
"தெரியவில்லை. ஆனால் நன்றாகச் செய்வேன்."

படிவத்தில் கடைசிக் கேள்வி,
மாற்றத்துக்கான காரணம். மூன்று கோடு இடம்.
"உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள், நான் எழுதுகிறேன்."
தமிழில் சொன்னேன், இரண்டே சொல்.
"அப்படியென்றால்?"

ஹாத்தி என்று தொடங்கி நிறுத்தினேன்.
"மனசாட்சியா?"
இல்லை. அவ்வளவு பெரிதில்லை. பசி மாதிரி.
போகலாம் வா என்று நாம் சொல்வோம்,
அது கேட்காது.
தெருவில் உட்கார்ந்துகொண்ட பிள்ளையைப் போல
இழுத்தாலும் வராது.
"கேட்காதது யார்?" என்றார்.
இன்னொரு முறை முதலிலிருந்து சொன்னேன்.

தலையாட்டிவிட்டு எழுதினார்.
பொடி எழுத்து. ஒரு கோடுகூட நிறையவில்லை.
மடியிலிருந்த அட்டை கீழே விழ,
மேசைமேல் சாய்ந்து
தலைகீழாகப் படிக்கப் பார்த்தேன்.